வாட்டர் ரடர் கேபிளை பெடல்ல மாட்டறதா, வால்ல மாட்டறதா

நீங்க கேட்டத நான் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டேனான்னு முதல்ல சொல்லிடறேன். மர்ஃபி ரெபெல் கிட்டு (பாகமா வாங்கி நாமே கட்டற குட்டி ப்ளேன்), கராஜ்லயே கட்டினது, வீல்ல பறந்து முடிச்சாச்சு, இப்ப அலுமினியம் ஃப்ளோட் (தண்ணியில மிதக்கறதுக்கு படகு மாதிரி இருக்கறது) ஜோடி ஒண்ணு பழசா வாங்கி கீழ மாட்டிட்டீங்க. ஃப்ளோட்டோட வாட்டர் ரடர், அதாவது தண்ணியில திருப்பற சுக்கான் ப்ளேடு, வந்திருக்கு ஆனா அதை ப்ளேனோட கண்ட்ரோலோட சேக்கறதுக்கு எந்த வரைபடமும் வரல. கேள்வி மூணு. கேபிளை பெடல்ல இருந்து கொண்டுவரதா இல்ல வால்ல, காத்துல ப்ளேனைத் திருப்பற ஏர் ரடரோட ஹார்ன்ல (கேபிள் மாட்டற கை) இருந்து இறக்கறதா. சும்மா கட்டிப் பாத்தப்ப இடது ரடர் திரும்பற அளவுக்கு வலது திரும்பல, ஏன். ரடரை மேல தூக்கினா இடது பெடல் தானா முன்னாடி போகுது, அது சரியா.

மூணுக்கும் பதில் இருக்கு. ஆனா நீங்க கேக்காம விட்ட நாலாவது ஒண்ணு இருக்கு, ஆளைக் கொல்லக்கூடியது அதுதான், அதனால அதுலேந்து ஆரம்பிக்கறேன். தண்ணியில இருக்கற ரடர் சிக்கிக்கிட்டா காத்துல இருக்கற ரடர் அசையுமா?

நான் முதல் தடவை இதை மாட்டினப்போ ஸ்ப்ரிங் கிப்ரிங் எதுவும் போடல, பெடல்லேந்து நேரா கேபிள், டர்ன்பக்கிள் (முறுக்கி கேபிளை இறுக்கற திருகு) போட்டு விண்ணுன்னு இழுத்து கட்டி, பெடலை மிதிச்சா மூணு ரடரும் ஒரே ஆள் மாதிரி திரும்புது, எனக்கு ஒரே பெருமை. கவார்த்தா ஏரிப் பக்கம் நான் ப்ளேனை விடற இடத்துல ஒரு பெரியவர் இருந்தார், வாழ்நாள் பூரா ஃப்ளோட் ப்ளேன் மெக்கானிக்கா வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். கண்ட்ரோல்ல கை வெச்சா ரெண்டாவது ஆள் ஒருத்தர் தனியா செக் பண்ணி கையெழுத்து போடணும்னு இங்க கனடாவுல ரூல் இருக்குல்ல, அதுக்காக அவரைக் கூப்பிட்டேன். அவர் டர்ன்பக்கிளைப் பாக்கல, கேபிளைப் பாக்கல, நேரா போய் ஃப்ளோட்டோட பின் முனையில குந்திக்கிட்டு ஒரு ப்ளேடை ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுக்கிட்டு "இப்ப மிதி"ன்னார். மிதிச்சேன். ஏர் ரடர் ஒரு இன்ச் கூட அசையல. இன்னும் பலமா மிதிச்சேன், பெடல் ட்யூப்தான் லேசா வளைஞ்சுது. "இந்த இடத்துல என் கைக்கு பதிலா ஒரு மரக்கட்டை மாட்டியிருந்தா மேல போய் எதை வெச்சு திருப்புவே"ன்னு கேட்டுட்டு, கையெழுத்து போடாம காபி குடிக்கப் போயிட்டார்.

மரக்கட்டை மட்டும்னு இல்ல. நம்ம ஏரிகள்ல மில்ஃபாயில் பாசி கோடை முழுக்க சுத்திக்கும், அக்டோபர் கடைசியில டேக்ஆஃப்ல தெளிக்கற தண்ணி ரடர் பிவட்லயும் (திரும்பற அச்சு) கப்பியிலயும் விழுந்து மேல போனதும் அப்படியே உறைஞ்சுடும், டாக்ல (படகுத்துறை) பின்பக்கமா இடிச்சு ப்ளேடு வளைஞ்சு ஃப்ளோட்டோட முனையில மாட்டிக்கும். எது நடந்தாலும் ஏர் ரடர் இந்தக் கோடியிலேந்து அந்தக் கோடி வரைக்கும் போயே ஆகணும், கால்ல கொஞ்சம் பலம் ஜாஸ்தி கேட்டா பரவால்ல. வாட்டர் ரடர் ஒரு விருந்தாளி, வீட்டுச் சாவியை அது கையில குடுக்காதீங்க.

அதுக்கு வழி ரொம்பப் பழசு, சுலபம்: ஏர் ரடர் பக்கத்துக்கும் வாட்டர் ரடர் பக்கத்துக்கும் நடுவுல ஒவ்வொரு சைடுலயும் ஒரு இழுவை ஸ்ப்ரிங். டெய்ல்வீலுக்கு போடறோமே அதே யோசனைதான். ஆனா "ஏதோ ஒரு ஸ்ப்ரிங்"னு ஹார்ட்வேர் கடையில எடுத்து மாட்டக்கூடாது, கொஞ்சம் கணக்கு போடணும், நான் என் கணக்கை சொல்றேன், உங்க அளவை வெச்சு நீங்க திரும்பப் போட்டுக்கோங்க.

என் ஏர் ரடர் ஹார்ன் பிவட்லேந்து 75 மிமீ, ரடர் ரெண்டு பக்கமும் 25 டிகிரி. அப்ப நடுவுலேந்து ஒரு பக்கத்துக்கு ஹார்ன் நுனி கிட்டத்தட்ட 32 மிமீ ஓடும், இந்தக் கோடி அந்தக் கோடி சேத்தா 64. வாட்டர் ரடர் நடுவுல சிக்கிட்டா ஸ்ப்ரிங் 32 மிமீ நீளணும், ஒரு பக்கம் முழுசா திரும்பின நிலையில சிக்கிட்டா, எதிர்ப்பக்கம் முழுசா மிதிக்க 64 மிமீ நீளணும். நிறைய பேர் இந்த ரெண்டாவது கேஸை மறந்துடறாங்க. நான் போட்டது மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன் ஸ்ப்ரிங், மாட்டும்போதே 15 மிமீ நீட்டி மாட்டியிருக்கேன், அதாவது சும்மா இருக்கும்போதே 45 நியூட்டன் இழுவை. நடுவுல சிக்கினா கேபிள்ல 141 நியூட்டன், சுமார் 14 கிலோ. எதிர்க்கோடியில சிக்கினா 237, சுமார் 24 கிலோ. ரடர் பெடலுக்கு கொஞ்ச நேரத்துக்கு 150 பவுண்டு வரைக்கும் போகலாம்னு பழைய அமெரிக்க பார்ட் 23 (சின்ன ப்ளேன்களுக்கான டிசைன் விதி) ரூல்ல இருக்கு, அது 68 கிலோ, நாம ரொம்ப கீழதான் இருக்கோம், ஆனா அதே ரூல்ல நீண்ட நேரத்துக்கு 20 பவுண்டுதான், அதாவது 9 கிலோ. அதனால சிக்கிட்டா கால் வலிக்கும், ஆனா இறங்கிடலாம்.

அப்ப இன்னும் மெத்துனு ஸ்ப்ரிங் போட்டா என்னன்னு கேப்பீங்க. தண்ணி காத்தைவிட சுமார் 800 மடங்கு கனம், அதனால 15 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இருக்கற சின்ன ப்ளேடு கூட வேகமா போகும்போது நல்லா எதிர்த்து நிக்கும். 3 நாட் (மணிக்கு சுமார் 5.5 கிமீ) வேகத்துல ரெண்டு ப்ளேடும் சேந்து என் கேபிளை ஏறக்குறைய 45 நியூட்டன் பின்னுக்கு இழுக்கும், அதுக்கு ஸ்ப்ரிங் 7, 8 மிமீ விட்டுக்குடுக்கும், 32ல 8 போனா பரவால்ல. 5 நாட்ல அந்த விசை கிட்டத்தட்ட மூணு மடங்கு, அப்ப பெடல் போற தூரத்துல பெரும்பங்கை ஸ்ப்ரிங்கே தின்னுடும். வேகமா டாக்ஸி பண்ணும்போது (பறக்காம தண்ணி மேல ஓட்டறது) அவ்வளவு ரடர் தேவைப்படாதுங்கறதால ஓட்ட முடியுது, ஆனா பெடல் கொழகொழன்னு இருக்கும், மறுக்கல. இதுக்கும் மெத்துனு போட்டீங்கன்னா பக்கவாட்டுக் காத்துல டாக்குக்கு வரும்போது மிதிச்சது மிதிச்சபடி இருக்கும், ப்ளேன் காத்துக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அது இஷ்டத்துக்குப் போகும்.

ஸ்ப்ரிங் உடைஞ்சா? அதுக்கு ஸ்ப்ரிங்குக்கு உள்ளாறயோ பக்கத்துலயோ ஒரு தொய்வான சின்ன கேபிள் போட்டுக்கணும், ஆனா அந்தத் தொய்வு 64 மிமீக்கும் மேல ஒரு விரக்கடை இருக்கணும், இல்லாட்டி ஸ்ப்ரிங் போட்டதே வேஸ்ட், சிக்கும்போது அந்த சின்ன கேபிள் டைட்டாகி மறுபடி பழைய கதைதான். இன்னொண்ணு, ஒரு பக்கம் நீளும்போது மறுபக்கம் தொய்யும், என் கணக்குல 17லேந்து 49 மிமீ வரைக்கும், அப்ப அந்த கேபிள் கப்பியை விட்டு எகிறி பக்கத்துல இறங்கி மாட்டிக்கக்கூடாது. எல்லா கப்பிக்கும் தடுப்பு பின் கண்டிப்பா வேணும்.

சரி, இப்ப உங்க முதல் கேள்வி, பெடலா வாலா. ரெண்டுலயும் பறக்கறாங்க. என் ஓட்டு பெடல் பக்கம், அதுவும் ஒரே ஒரு காரணத்துக்கு: ஸ்ப்ரிங், டர்ன்பக்கிள் எல்லாம் கேபின் தரைக்கு அடியில காஞ்ச இடத்துல இருக்கும், ஒரு மூடியைக் கழட்டினா டார்ச் அடிச்சு பாத்துக்கலாம். வால்லேந்து இறக்கினா ஃப்யூசலாஜ்ல (ப்ளேனோட உடம்பு) ஓட்டை போட வேண்டாம், கப்பி கம்மி, ஒரு நாள்ல முடிஞ்சுடும், அது உண்மை. ஆனா கேபிள் நாலும் வெளில தொங்கும், பறக்கும்போது ரீங்காரம் போடும், டாக்ல கயிறு போட ஓடறவங்க காலு அதுல மாட்டும், எங்க ஏரியில ஒருத்தர் நாய் மாட்டிக்கிச்சு, நாய்க்கு ஒண்ணும் ஆகல, ஹார்ன்தான் வளைஞ்சுது.

இந்த ரெண்டு முறைக்கும் நடுவுல ஒரு பொறி இருக்கு. பெடல் முறையில கேபிள் வாட்டர் ரடர் கையை முன்னாடி இழுக்குது. இடது பெடலை மிதிச்சா, இடது ஃப்ளோட்டோட வெளிப்பக்கக் கை முன்னாடி வரும், ப்ளேடோட பின்முனை இடதுபக்கம் போகும், ப்ளேன் இடது திரும்பும், சரி. வால் முறையில இடது பெடலை மிதிச்சா ஹார்னோட இடது நுனி முன்னாடி போயிடும், ஃப்ளோட் அதுக்கும் முன்னாடிதானே இருக்கு, அதனால இடது கேபிள் தொய்யும், இழுக்கப் போறது ஹார்னோட வலது நுனி, அது பின்னாடி போகும். அப்ப வலது நுனியிலேந்து வர கேபிளை ரடரோட வலது கையிலதான் கட்டணும், அது பின்னாடி இழுபட்டா ப்ளேடு இடது போகும். ரெண்டு ஃப்ளோட்லயும் அப்படியே, வலது நுனிக்கு வலது கை, இடது நுனிக்கு இடது கை. ஒருத்தரைப் பாத்து பாதி, இன்னொருத்தரைப் பாத்து பாதின்னு கட்டினா ஒரு ஃப்ளோட் இடதும் இன்னொண்ணு வலதுமா திரும்பி ரெண்டும் சேந்து ப்ரேக் மாதிரி வேலை செய்யும். இத மனசுல போட்டுப் பாக்காதீங்க, குழம்பிடும். அட்டையில வெட்டி குண்டூசி குத்தி நூல் கட்டி மேஜை மேல வெச்சு இழுத்துப் பாருங்க, அஞ்சே நிமிஷம்.

பெடல் முறையில வலது ரடருக்கு எப்படி சேதி போகுதுன்னா, ரெண்டு ரடரோட உள்பக்கக் கைகளையும் ஒரு பேலன்ஸ் கேபிள் இணைக்கும். இடது ரடரோட உள்கையிலேந்து அது முன்னாடி போய், பின்பக்க ஸ்ப்ரெடர் பார்ல (ரெண்டு ஃப்ளோட்டையும் இணைக்கற குறுக்குத் தண்டு) இருக்கற கப்பியில திரும்பி, குறுக்க அடுத்த ஃப்ளோட்டுக்குப் போய், இன்னொரு கப்பியில திரும்பி, பின்னாடி வலது ரடரோட உள்கைக்கு வரும். இடது ரடரோட உள்கை பின்னாடி போனா, பேலன்ஸ் கேபிள் வலது ரடரோட உள்கையை முன்னாடி இழுக்கும், ரெண்டும் ஒரே திசையில திரும்பும். அதாவது பெடல், இடது ரடர், பேலன்ஸ், வலது ரடர், மறுபடி பெடல்னு மொத்தமும் ஒரே வளையம்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் இங்கயே இருக்கு. இடது பெடலை மிதிக்கும்போது வலது ரடர் பேலன்ஸ் கேபிள் வழியா மட்டும்தான் திரும்புது. அதுல 10 மிமீ தொய்வு இருந்தா வலது ரடர்ல 10 டிகிரி காணாமப் போயிடும். என் வாட்டர் ரடர் கை 63 மிமீ, 32 மிமீ இழுத்தா 30 டிகிரி, அதே 22 மிமீ மட்டும் வந்து சேந்தா 20 டிகிரிதான். வலது பெடலை மிதிச்சுப் பாருங்க, அப்ப வலது ரடர் முழுசா திரும்பி இடது குறைஞ்சா கண்ணை மூடிக்கிட்டு பேலன்ஸ் கேபிள்தான். அப்பவும் வலதுதான் குறையுதுன்னா அந்த ரடர் கை ப்ளேடுக்கு செங்குத்தா இல்ல, பழைய ஃப்ளோட்ல யாரோ இடிச்சு வளைச்சிருப்பாங்க. ப்ளேடு நேரா இருக்கும்போது கை 10 டிகிரி சாஞ்சிருந்தா ஒரு பக்கம் 33, மறுபக்கம் 29ன்னு திரும்பும். டர்ன்பக்கிளை முறுக்கி அதை சரி பண்ணவே முடியாது, கையைத்தான் நிமித்தணும் இல்ல மாத்தணும்.

மூணாவது கேள்வி, தூக்கினா பெடல் இழுக்கறது. சரியில்ல, பறக்காதீங்க. இதுல நான் ஒரு கோடை முழுக்க ஏமாந்திருக்கேன். ஸ்ப்ரிங் எல்லாம் போட்டு சரி பண்ணினதுக்கப்புறம் க்ரூஸ்ல (சீரா பறக்கும்போது) ப்ளேன் எப்பவும் லேசா இடது பக்கம் போகும், சறுக்கலைக் காட்டற கருவியோட பந்து நடுவுல நிக்காது. நான் ஃப்ளோட் கோணல்னு நினைச்சேன், ஸ்ட்ரட்டை அளந்தேன், ஏலரான் (றெக்கையில இருக்கற, ப்ளேனைச் சாய்க்கற பலகை) ரிக்கிங்கை, அதாவது கேபிள் அமைப்பை, மாத்தினேன், ரடர்ல ட்ரிம் டேப் (நேரா போக வைக்கற சின்னத் தகடு) ஒட்டினேன். ஒரு நாள் டாக்ல சும்மா உக்காந்துக்கிட்டு கால் ரெண்டும் பெடல்ல வெச்சபடி கைப்பிடியை இழுத்து ரடரைத் தூக்கறேன், இடது பெடல் பூனை மாதிரி மெதுவா ஒரு சென்டிமீட்டர் முன்னாடி நகருது. இறக்கறேன், திரும்பி வருது. தூக்கறேன், நகருது. மூணு மாசமா தேடின பேய் கால் கட்டைவிரல்ல இருந்திருக்கு.

காரணம் இதுதான். வாட்டர் ரடருக்கு ரெண்டு அசைவு: செங்குத்து பிவட்ல இடவலமா திரும்பறது, படுக்கை பின்ல மேல கீழ மடங்கறது. தூக்கற கேபிள் ப்ளேடுலேந்து முன்னாடி வரும்போது அந்த செங்குத்து பிவட்டோட கோட்டுக்கு நேர் மேலயோ நடுவுலயோ போகணும். ஒரு பக்கமா 10 மிமீ தள்ளிப் போனாலும் அது தூக்கற கேபிளா மட்டும் இருக்காது, திருப்பற கேபிளாவும் ஆயிடும், கைப்பிடியை கொக்கியில மாட்டினதும் அந்த இழுவை அப்படியே பெடலுக்கு வந்துடும். திருப்பிப் பாத்தா, பெடலை மிதிக்கும்போது தூக்கற கேபிளும் இழுபட்டு ப்ளேடு மேல கீழ ஆடும். என்னோடதுல முனையில இருந்த கப்பி ப்ராக்கெட்டை ஒரு வாஷர் தடிமனுக்கு தப்பா மாட்டியிருந்தேன், அதோட ஒரு பக்கத்து தூக்கற கேபிள் நீளம் கம்மி, அதனால இடது ப்ளேடுதான் முழு இழுவையும் வாங்கிச்சு. ரெண்டு தூக்கற கேபிளையும் ஒரு சின்ன சமன் தண்டுல சேத்து, அதோட நடுவுலேந்து ஒரே கேபிளா கைப்பிடிக்கு கொண்டுபோங்க, நீள வித்தியாசத்தை அது சரிக்கட்டிக்கும்.

கைப்பிடி மாட்டற கொக்கி கண்ணுக்கு நேரா தெரியற இடத்துல இருக்கட்டும், ஃப்ளாப் கைப்பிடியோட இடிக்காம. டேக்ஆஃப்புக்கும் லேண்டிங்குக்கும் ரடர் மேல இருக்கணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா மறக்கறது அதைத்தான். கீழ இருந்தபடி வேகமா தண்ணியில தொட்டா ப்ளேடும் பிவட்டும் அடி வாங்கும், ப்ளேன் திடீர்னு ஒரு பக்கம் வெட்டும். என்ஜினை அணைச்சுட்டு காத்துல பின்னாடி மிதந்து வரும்போதும் தூக்கிடுங்க, இல்லாட்டி பின்னாடி போகும்போது ரடர் தலைகீழா வேலை செய்யும். நம்ம ஊர் வள்ளத்துல சுக்கான் புடிச்ச யாரைக் கேட்டாலும் இத சொல்லுவாங்க.

கேபிள் சமாச்சாரம் சுருக்கமா. நீங்க ஏர்கிராஃப்ட் கேபிள்தான் வாங்கப் போறீங்க, படகுக் கடை கேபிள் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் 7×19ல (ஒவ்வொண்ணுலயும் 19 கம்பி இருக்கற 7 இழை) 1/8 இன்ச் 1760 பவுண்டு தாங்கும், 3/32 இன்ச் 920 பவுண்டு. ஏர் ரடருக்கு 1/8 இருந்தா வாட்டர் ரடருக்கு 3/32 போடுங்க, ஒண்ணு அறுந்தே ஆகணும்னா அது வாட்டர் ரடராவே இருக்கட்டும். கால்வனைஸ்டு கப்பியில வளைஞ்சு வளைஞ்சு நிமிர்றதுக்கு ஸ்டெயின்லெஸ்ஸை விட கொஞ்சம் நல்லா தாக்குப்பிடிக்கும், ஆனா தண்ணியில கெடக்கற இடத்துல துரு புடிக்கும், உப்புத் தண்ணின்னா கேக்கவே வேண்டாம். நிக்கோப்ரெஸ் ஸ்லீவ் (கேபிள் நுனியை வளையமா மடிச்சு அழுத்திப் புடிக்கற குழாய்) ஸ்டெயின்லெஸ் கேபிளுக்கு முலாம் பூசின செம்புதான், வெறும் செம்பு கால்வனைஸ்டுக்கு. 3/32க்கு ஒரு அழுத்து, 1/8க்கு மூணு: முதல்ல நடு, அப்புறம் வளையத்துப் பக்கம், கடைசியா மறுமுனை. ஒவ்வொண்ணையும் கேஜ் வெச்சு பாத்தே ஆகணும், என் கைக்கு தெரியும்னு சொல்றவங்க யாரையும் நம்பாதீங்க, என்னையும் சேத்துதான். டர்ன்பக்கிள் முடிஞ்சதும் பேரலுக்கு வெளில மூணு மரைக்கு மேல தெரியக்கூடாது, சேஃப்டி ஒயர் மறக்கக்கூடாது. கப்பிக்கு கேபிள் வர கோணம் 2 டிகிரிக்கு மேல சாஞ்சா ஓரத்துல தேய்க்க ஆரம்பிச்சுடும், வெறும் ஃபேர்லீட்ல (கேபிளை வழிநடத்தற துளை) 3 டிகிரிக்கு மேல திருப்பாதீங்க, அதுக்கு மேலன்னா கப்பி போட்டுடுங்க.

அப்புறம் ஒண்ணு, ஓடிட்டிருக்கற ஏர் ரடர் கேபிள் மேலயே நடுவுல க்ளாம்ப் போட்டு அதுலேந்து வாட்டர் ரடர் கேபிளை எடுக்கறதப் பாத்திருப்பீங்க. எனக்குப் புடிக்காது. க்ளாம்ப் வழுக்கினாலும் பிரச்சினை, கடிச்சு இழையை நசுக்கினாலும் பிரச்சினை, அந்த இடம் கப்பிக்கோ ஃபேர்லீடுக்கோ கிட்ட இருந்தா போய் முட்டி நிக்கும். பெடல் தண்டுல தனியா ஒரு காது வெல்டு பண்ணியோ போல்ட்டு போட்டோ அதுலேந்து எடுங்க.

குளிர்காலத்துல கராஜ்ல ரிக் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்யூசலாஜும் ஃப்ளோட்டும் அலுமினியம், கேபிள் ஸ்டீல், சூட்டுல அலுமினியம்தான் ஜாஸ்தி நீளும். 4 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி ஏறினா அலுமினியம் சுமார் 3.8 மிமீ, கால்வனைஸ்டு கேபிள் 1.9, ஸ்டெயின்லெஸ் 2.7. ஜனவரியில இறுக்கினது ஜூலையில வீணை தந்தி மாதிரி ஆயிடும். ஸ்ப்ரிங் இருக்கற பக்கம் அதுவே பாத்துக்கும், ஏர் ரடர் கேபிளையும் பேலன்ஸ் கேபிளையும் மட்டும் மே மாசம் ஏரியில இறக்கறதுக்கு முன்னாடி டென்ஷன் மீட்டர் வெச்சு திரும்பப் பாருங்க.

வேலை வரிசைன்னு பாத்தா, வாட்டர் ரடர் எதையும் சேக்காம ஏர் ரடரை மட்டும் முதல்ல முழுசா ரிக் பண்ணி முடிச்சிடணும். பெடல் ரெண்டும் சமமா ஒரு கட்டை வெச்சு கட்டி, ரடர் நேரா, ஸ்டாப் (ரடர் போய் நிக்கற தடுப்பு) ரெண்டு பக்கமும் அளந்து. அதுக்கப்புறம் ஃப்ளோட் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கான்னு மூலைக்கு மூலை அளந்துக்கோங்க, ஃப்ளோட் கோணலா இருக்கறத ரடர்ல சரிக்கட்டப் பாக்காதீங்க. ஒவ்வொரு ஃப்ளோட்டுக்கும் அடியில முன்முனையிலேந்து பின்முனை வரைக்கும் நடுக்கோட்டுல நூல் புடிச்சு, ப்ளேடை அந்த நூலுக்கு நேரா வெச்சு க்ளாம்ப் போட்டுட்டு பேலன்ஸ் கேபிளை இறுக்குங்க, அப்புறம் வெளிக்கேபிள், அப்புறம் ஸ்ப்ரிங், கடைசியாதான் தூக்கற கேபிள். எல்லாம் முடிஞ்சு மிதிச்சுப் பாக்கும்போது ஏர் ரடர்தான் முதல்ல தன் ஸ்டாப்பைத் தொடணும். அப்ப வாட்டர் ரடருக்கு இன்னும் நாலஞ்சு டிகிரி மிச்சம் இருக்கணும். மாறி இருந்தா வாட்டர் ரடர் கையை கொஞ்சம் நீளமாக்குங்க.

செக் பண்றப்ப ப்ளேனுக்குப் பின்னாடி நின்னு பாருங்க, முன்னாடி நின்னா இடது வலது குழம்பும். இடது பெடல், மூணு பின்முனையும் இடது. வலது பெடல், மூணும் வலது. ரடர் தூக்கி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை. தூக்கும்போது கட்டைவிரலை பெடல் மேல லேசா வெச்சிருங்க. அப்புறம் அந்தப் பெரியவர் செஞ்ச சோதனை: ஒருத்தர் ப்ளேடை நடுவுல புடிச்சுக்கணும், நீங்க இந்தக் கோடி அந்தக் கோடி மிதிக்கணும், அப்புறம் ப்ளேடை முழு இடதுல புடிச்சுக்கிட்டு, முழு வலதுல புடிச்சுக்கிட்டு. ஆறு தடவையும் ஏர் ரடர் ஸ்டாப்புல போய் டக்குனு இடிக்கற சத்தம் கேக்கணும்.

ரிக்கிங்ல சேராத ஒண்ணு, இருந்தாலும் சொல்லிடறேன். ஃப்ளோட்டோட பக்கவாட்டுப் பரப்புல பெரும்பகுதி சென்டர் ஆஃப் க்ராவிட்டிக்கு முன்னாடி இருக்கு, அதனால வீல்ல நேரா போன ப்ளேன் ஃப்ளோட்ல மூஞ்சியை ஆட்டும். ஃபேக்டரி ப்ளேன்கள்லயே ஃப்ளோட் போட்டா வால் அடியில ஒரு சின்ன ஃபின் (அசையாத செங்குத்துத் துடுப்பு) சேக்கறது இதுக்குத்தான். முதல் பறப்புல உயரத்துல போய் பெடல்லேந்து காலை எடுத்து, ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தானா திரும்பி வருதான்னு பாருங்க. வரலைன்னா ஸ்ப்ரிங்கை இறுக்கி ரடரை நடுவுல நிறுத்தப் பாக்காதீங்க, ஃபின் போடுங்க.

நான் ஸ்ப்ரிங் போட்டுட்டு அந்தப் பெரியவரைத் திரும்பக் கூப்பிட்டப்போ ரெண்டு வாரம் ஆயிருந்துச்சு. அவர் மறுபடியும் அதே முனையில குந்தி, ப்ளேடைப் புடிச்சு, ஆறு தடவை மிதிக்கச் சொன்னார். ஆறாவது சத்தத்துக்கப்புறம் ஒண்ணும் பேசாம கையை பேன்ட்ல துடைச்சுக்கிட்டு பேனா கேட்டார்.